உண்டதை மறந்தவருக்கு உணவிடுதல்

சிங்காநல்லூரில் இன்று எழுபது வயதைக் கடந்து வாழும் முதியோர் பலர், தம் இளமையில் பசியைச் சங்கொலியால் அறிந்தவர்கள். திருச்சி சாலையை ஒட்டியும் ஒண்டிப்புதூர்ப் பக்கத்திலும் நூற்பாலைகள் இரவு பகலாய் ஓடிய காலத்தில், ஆலைச் சங்கு ஊதினால் ஷிப்டு மாறும்; ஷிப்டு மாறும் நேரத்துக்குள் தூக்குப்போசியில் சோறும் குழம்பும் நிரம்பியிருக்க வேண்டும். நள்ளிரவில் வேலை முடிந்து திரும்புபவருக்காக வட்டலில் சோறிட்டு மூடி வைத்திருப்பார்கள். கடிகாரம் இல்லாத வீட்டிலும் உணவு வேளை தவறியதில்லை. பின்னர் ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. ஒண்டிப்புதூர்க் கம்போடியா மில் உள்ளிட்ட தேசிய பஞ்சாலைக் கழகத்து ஆலைகள் 2020 மார்ச்சுப் பொதுமுடக்கத்தோடு நின்றன.

அன்று அச்சங்கொலிக்குப் பழகியவர்களுள் சிலர், இன்று காலை ஏழு மணிக்கு உண்ட இட்டிலியை ஏழரை மணிக்கு மறந்துவிடுகின்றனர். வேறு சிலர், முன்னே வைத்த சோற்றை நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போகின்றனர். இன்னும் சிலர் ஒரு கவளத்தை வாயில் வைத்து, மெல்லவும் மாட்டாமல் விழுங்கவும் மாட்டாமல் கன்னத்தில் அடக்கிக்கொண்டு அமர்ந்திருக்கின்றனர். வீட்டார் இதனைப் பிடிவாதம் என்கிறார்கள். வயதானால் இப்படித்தான் என்கிறார்கள். பழைய கோபத்தை இப்போது காட்டுகிறார் என்றும் சொல்வதுண்டு. மருத்துவர்கள் இதற்கு டிமென்ஷியா என்று பெயரிட்டிருக்கிறார்கள். மறதி நோய் என்று நாம் சொல்லலாம். இந்நோயை முற்றாகக் குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. ஆனால் இந்நோய் நாள்தோறும் மூன்று முறை வீட்டாரைச் சந்திக்கும் இடமாகிய உணவு வேளையைப் பெருமளவு எளிதாக்க முடியும். அதைப் பற்றியே இக்கட்டுரையில் எழுதுகிறோம்.

இந்நோய்க்கும் உணவு வேளைக்கும் உள்ள தொடர்பு, நோயின் வரலாற்று ஏடுகளின் முதற்பக்கத்திலேயே காணப்படுகிறது. 1901 நவம்பரில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரத்து மருத்துவமனையில், ஆகுஸ்டே டெட்டர் என்னும் ஐம்பத்தொரு வயதுப் பெண்மணியை அலாய்ஸ் அல்சைமர் என்ற மருத்துவர் பரிசோதித்தார். நண்பகலில் அவ்வம்மையார் பூக்கோசும் பன்றியிறைச்சியும் உண்டுகொண்டிருந்தார். என்ன சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது, கீரை என்று விடையளித்தார். மருத்துவர் அதனை அப்படியே எழுதி வைத்தார். அக்குறிப்பேடு பல்லாண்டுகள் காணாமற்போய், 1995-இல் அதே நகரில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது. அல்சைமர் நோய் என்று உலகம் இன்று அழைப்பது அம்மருத்துவர் பெயராலேயே. டிமென்ஷியாவுக்குரிய காரணங்களுள் அதுவே மிகப் பரவலானது. மூளையின் இரத்தக்குழாய்ப் பழுதால் வருவது அதற்கு அடுத்தது.

நம் நாட்டில் அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களுள் நூற்றுக்கு ஏழு பேருக்கும் சற்று அதிகமானோர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இந்நோயோடு வாழ்கின்றனர் என்று 2023-இல் வெளியான நாடளாவிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இந்நோயாளருள் மூன்றில் இரு பங்கினர் வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆராய்ச்சியில் பத்தில் ஒரு பங்குகூட அவர்களைப் பற்றி நடைபெறவில்லை என்ற குறையைப் போக்க, 1998-இல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் '10/66' என்ற பெயரிலேயே ஓர் ஆய்வுக் குழுவை அமைத்தார்கள். அக்குழுவினர் சென்னையிலும் வேலூரிலும் வீடு வீடாகச் சென்று முதியோரைக் கண்டனர். பாலக்காட்டுக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தில் இந்நிலையை மக்கள் 'சின்னன்' என்று அழைப்பதையும் அவர்கள் பதிவு செய்தனர். சிறுபிள்ளைத்தனம் என்பது அதன் பொருள். நம் ஊரிலும் 'சின்னப் பிள்ளை மாதிரி ஆயிட்டாருங்க' என்றுதான் சொல்கிறோம்.

அன்பால் சொல்லும் சொல்தான். ஆயினும் அதில் ஓர் ஆபத்து உண்டு. பிள்ளை இன்று கற்காததை நாளை கற்கும். ஆகவே அதட்டியும் ஆசை காட்டியும் பழக்குகிறோம். மறதி நோயுற்றவர் நேற்று அறிந்ததை இன்று இழந்துகொண்டிருப்பவர். அவரை அதட்டிப் பழக்க இயலாது. அதட்டியவரின் முகம் மட்டும் அவர் மனத்தில் அச்சமாகத் தங்கிவிடுகிறது. அடுத்த வேளை அந்த முகத்தைக் கண்டதும் வாயை மூடிக்கொள்கிறார். எனவே இவ்வீடுகளில் மாற வேண்டியவை தட்டும், இருக்கையும், நேரமும், ஊட்டும் கையும்தாம்.

'எனக்குச் சோறு போடலைங்க'

உணவு வேளைத் தொல்லைகளுள் வீட்டாரின் மனத்தை மிகுதியாக உடைப்பது எதுவென்று கேட்டால், இந்த ஒரு வாசகத்தையே சொல்வோம். மாமனார் காலையில் வயிறார உண்டிருப்பார். பத்து மணிக்கு வாசலுக்கு வந்து, தண்ணீர்க் குழாயடியில் நிற்பவர்களிடம், 'நேத்துலிருந்து எனக்கு யாரும் சோறு போடலைங்க' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. உண்ட நினைவு அவரிடம் இல்லை. சில வேளைகளில் வயிறு நிறைந்ததைச் சொல்லும் உணர்வும் இல்லை. ஆனால் கேட்டவர்கள் மருமகளை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். ஞாயிறன்று கோவில் வளாகத்தில் யாராவது ஒரு பெரியவர், 'ஏம்மா, மாமனாரைக் கொஞ்சம் கவனிச்சுக்கக் கூடாதா' என்று அறிவுரை கூறுவார். நான்கு ஆண்டுகள் ஒரு வேளையும் தவறாமல் ஊட்டிய பெண்ணுக்கு இதைவிடக் கொடிய கூலி உண்டோ?

மருமகளுக்கு நாம் சொல்லக்கூடியது: 'இப்பத்தானே சாப்பிட்டீங்க மாமா' என்று வாதாட வேண்டாம். அவருக்கு அது தெரியாது. தெரியாத ஒன்றைச் சாட்சி வைத்து நிரூபிப்பதால் சண்டை மட்டுமே மிஞ்சும். 'இதோ ஆகிக்கிட்டே இருக்குதுங் மாமா, அதுக்குள்ள இதைச் சாப்பிடுங்கோ' என்று ஒரு வாழைப்பழத் துண்டையோ, அரை இட்டிலியையோ கையில் கொடுக்கலாம். இதற்காகவே காலை உணவை முழுதும் ஒரே வேளையில் இடாமல், நான்கு இட்டிலி உண்பவருக்கு இரண்டரையை ஏழு மணிக்கும், ஒன்றரையைப் பத்து மணிக்குமாகப் பிரித்து வைத்துக்கொள்ளும் இல்லத்தரசிகள் உண்டு. இது நல்ல வழி. உண்ட தட்டை உடனே கழுவிக் கவிழ்க்காமல் அவர் கண்முன் சிறிது நேரம் விட்டு வைப்பதும் சிலருக்கு உதவுகிறது.

அயலாருக்கு நாம் சொல்ல வேண்டியது வேறு. இத்தகைய முறையீட்டைக் கேட்டவுடன் தெருவில் தீர்ப்பு வழங்காதீர்கள். உள்ளே சென்று, அப்பெண்ணிடம் தனியே பேசுங்கள். முதியோரைப் பட்டினி போடும் வீடுகளும் உலகில் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. உண்மையை அறிய எளிய வழி உடல் எடை. மாதம் ஒரு முறை மருந்துக் கடையில் எடை பார்த்து, சமையலறை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எடை நிலையாக இருந்தால் ஊர்ப்பேச்சுக்கு நாட்காட்டியே விடை சொல்லும். குறைந்துகொண்டே போனால், யாரையும் குறை கூறும் முன் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; உண்பவருக்கும் எடை குறையும் நோய் இது.

தட்டும் விளக்கும்

எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறு, அதன்மேல் தயிர், தலைக்குமேல் குழல்விளக்கு. நமக்கு இஃது ஒரு தட்டுச் சோறு. மறதி நோயால் பார்வையின் நுண்மை குன்றியவருக்கோ ஒரே பளபளப்பு. தட்டு எங்கே முடிகிறது, சோறு எங்கே தொடங்குகிறது என்று அவர் மூளையால் பிரித்தறிய முடிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சோற்றை அவர் எவ்வாறு உண்பார்?

அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர்கள் இதனைச் சோதித்து 2004-இல் வெளியிட்டார்கள். அல்சைமர் நோய் முற்றிய ஒன்பது ஆண்களுக்கு, வழக்கமான வெள்ளைத் தட்டும் கோப்பையும் நீக்கி, அடர்ந்த சிவப்பு நிறத்தில் அவற்றைக் கொடுத்தார்கள். உணவு உட்கொள்ளல் நூற்றுக்கு 25 பங்கும், நீர்மம் பருகுதல் 84 பங்கும் உயர்ந்தன. அடர்நீலமும் பயன் தந்தது. வெளிர்நிறங்கள் பயன் தரவில்லை. ஒன்பது பேரைக் கொண்டு உலகையே அளந்துவிட முடியாதுதான். ஆனால் நூறு ரூபாய்க்கும் குறைவான ஒரு வண்ணத் தட்டை வாங்கி ஒரு வாரம் சோதித்துப் பார்ப்பதில் யாருக்கு என்ன நட்டம்? பூப்போட்ட தட்டு வேண்டாம். பூவை எடுத்து உண்ண விரல்கள் முயலும். தண்ணீருக்கும் வண்ண டம்ளரே நல்லது. எவர்சில்வர் டம்ளரில் நீர் இருப்பது அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

பாஸ்டனார் கண்டதை நம் முன்னோர் அறியாமலே செய்து வந்தனர். பச்சை வாழையிலையில் வெள்ளைச் சோற்றைவிடத் தெளிவாகத் தெரியும் உணவு வேறு ஏது? சிங்காநல்லூர் உழவர் சந்தைப் பக்கம் போகிறவர்கள் ஓர் இலைக்கட்டு வாங்கி வந்தால் சில நாட்களுக்கு ஆகும். ஆனால் இலையை விருந்துபோல் நிரப்ப வேண்டாம். பொரியல், கூட்டு, ஊறுகாய், அப்பளம் என்று எட்டு வகை இருந்தால் எதில் கை வைப்பதென்று தெரியாமல் அவர் எதிலும் கை வைக்க மாட்டார். பிசைந்த சோறு முதலில். அது முடிந்த பின் தயிர். உப்பும் ஊறுகாய்ச் சாடியும் அவர் கைக்கு எட்டாத தொலைவில் இருக்கட்டும். தொலைக்காட்சியை அணையுங்கள். தொடரில் ஒருத்தி அழுதால், அவ்வழுகை தம் வீட்டில் நடப்பதாகவே சில முதியோர் எண்ணிக்கொள்கிறார்கள்.

கை மறப்பதில்லை

பெயர்கள் மறந்த பின்னும், கணக்கு மறந்த பின்னும், பல்லாயிரம் முறை செய்த செயலைக் கை நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறது. கையால் பிசைந்து உண்ணும் நம் வழக்கம் இந்நோயில் பெரிய வரம். சிந்தாமல் இருக்கட்டும் என்று கரண்டியைத் திணிக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறோம். எழுபது ஆண்டுகளாகக் கரண்டியால் உண்ணாதவர் அதனைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். சிந்தினால் சிந்தட்டும். கீழே ஒரு பழைய சேலையை விரித்துவிடுங்கள்.

தொடங்குவதுதான் அவருக்குக் கடினம். தொடங்கிவிட்டால் கை தானே தொடரும். எனவே முதற்கவளத்தை உருட்டி அவருடைய உள்ளங்கையில் வையுங்கள். அதுவும் பலனளிக்காவிடில், அவர் கையின்மேல் உங்கள் கையை வைத்து, தட்டிலிருந்து வாய்க்கு இரண்டு மூன்று முறை கொண்டு செல்லுங்கள். எல்லாவற்றினும் எளியது, எதிரே அமர்ந்து நீங்களும் உண்பது. பார்த்துப் பார்த்து அவரும் உண்பார். இங்கே நம் குடும்ப வழக்கம் ஒன்று குறுக்கே நிற்கிறது. பெரியவருக்கு முதலில் இட்டுவிட்டு, பெண்கள் கடைசியில் அடுக்களையில் உண்பது மரியாதை என்று வளர்ந்திருக்கிறோம். அம்மரியாதை இப்போது அவரைத் தனியே ஒரு தட்டின் முன் உட்கார வைத்துவிடுகிறது. மருமகள் மாமனாருக்கு எதிரே அமர்ந்து உண்ணலாமா என்று தயங்குவோர் தயங்க வேண்டுவதில்லை. இந்நோயில் அதுவே மருந்து.

இனி, உணவு. கொங்கு நாட்டுச் சமையலில் இவர்களுக்கென்றே செய்தது போன்றவை பல உள்ளன. அரிசியும் பருப்பும் சேர்த்துக் குழைய வடித்த அரிசிம்பருப்புச் சோறு ஒன்றே போதும். நெய்விட்டுப் பிசைந்தால் மென்மை, வலு, மணம் மூன்றும் அதில் உண்டு. தேங்காய்ப்பாலில் ஊறிய சந்தகையும், பச்சைப் பயற்றுக் கடைசலும் அத்தகையனவே. எடை குறைகிறவர்களுக்கு நெய்யும் தேங்காய்ப்பாலும் சேர்ப்பதால், அளவு கூடாமலே வலு கூடும். நாவின் சுவை மங்கிய முதியோர் பலர் இனிப்பையே நாடுவர். சர்க்கரை நோய் இல்லையெனில் கொஞ்சம் வெல்லத்தைத் தாராளமாகவே அனுமதிக்கலாம். இருந்தால் மருத்துவரிடம் கேட்டு அளவை முடிவு செய்யலாம்.

ஆனால் நம் உணவுகளுள் இரண்டைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. முதலாவது களி. ராகிக் களியைக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் உருண்டையாக விழுங்குவதே பழைய முறை. விழுங்கும் ஆற்றல் தளர்ந்தவருக்கு அவ்வுருண்டை தொண்டையை அடைத்துவிடலாம். ராகி வேண்டுமெனில் கெட்டியான கூழாகக் காய்ச்சிக் கொடுங்கள். இரண்டாவது, நீர்க்க விட்ட இரசச் சோறு. இளகிய உணவு எளிதில் இறங்கும் என்று எண்ணித்தான் கொடுக்கிறோம். ஆனால் நீர் முன்னே ஓடி, பருக்கை பின்னே தங்கும். இரண்டையும் ஒருங்கே கையாள அத்தொண்டையால் முடிவதில்லை. கறிவேப்பிலை, மிளகு, முருங்கைச் சக்கை, மீன் முள், ஞாயிற்றுக்கிழமைக் கறியின் எலும்புச் சில்லு ஆகியவற்றை முன்கூட்டியே நீக்கிவிடுங்கள்.

அண்ணாந்து குடிக்கும் வழக்கம்

உதடு படாமல் அண்ணாந்து குடிப்பதே நம் வீடுகளில் தூய்மையான வழக்கம். மறதி நோய் முற்றிய ஒருவருக்கு இதனைவிடத் தீங்கானது ஏதுமில்லை என்றே சொல்வோம். தலையைப் பின்னுக்குச் சாய்த்தால் மூச்சுக்குழலின் வாயில் திறந்து நிற்கும். உடல்நலமுள்ளவரிடம் அது நொடியில் மூடிக்கொள்ளும். தளர்ந்தவரிடம் சற்றுப் பிந்தும். நீரோ, கஞ்சியைவிடவும் கூழைவிடவும் விரைந்து ஓடுவது. பிந்திய அந்நொடியில் நீர் நுரையீரல் பக்கம் இறங்கிவிடுகிறது. சில நாட்களில் காய்ச்சல் வரும். நிமோனியா என்று மருத்துவர் சொல்வார். எங்கிருந்து வந்தது என்று வீட்டார் திகைப்பார்கள்.

ஆகையால் அவருக்கெனத் தனி டம்ளர் ஒன்றை ஒதுக்கி, உதடு வைத்து, மோவாய் சற்றே கீழ்நோக்கியிருக்க, சிறு சிறு மிடறாகப் பருகச் செய்யுங்கள். நின்றுகொண்டு ஊட்டினால் அவர் நிமிர்ந்து பார்ப்பார். கழுத்து மீண்டும் பின்னே சாயும். ஆதலால் ஊட்டுபவரும் அமர்ந்தே ஊட்ட வேண்டும். அவர் கட்டிலில் சாய்ந்திராமல், கால் தரையில் படும்படி நாற்காலியில் நிமிர்ந்து அமரட்டும். உண்டு முடித்த பின்னும் அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள். ஒரு கவளம் இறங்கியதை உறுதி செய்த பின்பே அடுத்தது. கன்னத்தில் ஒதுக்கும் பழக்கம் இருந்தால், இறுதியில் வாயைத் திறக்கச் செய்து பார்த்து, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். பல் செட்டு கட்டியிருப்பவரின் எடை குறைந்தால் செட்டும் தளரும். தளர்ந்த செட்டோடு மெல்ல முடியாது.

உண்ணும்போது அடிக்கடி இருமுதல், தண்ணீர் குடித்தவுடன் குரல் ஈரமாகக் கரகரத்தல், மீண்டும் மீண்டும் காய்ச்சல் ஆகியவற்றைக் கண்டால் தாமதிக்காமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பேச்சுப் பயிற்சியாளர் என்று நாம் அறிந்திருப்பவர்கள் விழுங்கும் திறனையும் சோதித்து, எவ்வளவு கெட்டியாகக் கொடுக்கலாம் என்று வகுத்துத் தருவார்கள். நேற்று வரை நன்றாக உண்டவர் இன்று திடீரென மறுத்தால், அதனை நோயின் முற்றல் என்று எழுதித் தள்ளிவிடாதீர்கள். வாய்ப்புண், பல்வலி, மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று ஆகிய ஏதேனும் ஒன்று இருக்கக்கூடும்; வலிக்கிறது என்று சொல்லும் சொல்லை அவர் இழந்திருக்கிறார். இந்நோய்க்கெனத் தரப்படும் டோனிபெசில் போன்ற மாத்திரைகளும் சிலருக்குக் குமட்டலையும் பசியின்மையையும் உண்டாக்கும். தாமாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேளுங்கள்.

எங்கே கேட்பது? தமிழகத்தில் இ.எஸ்.ஐ. திட்டம் 1955-இல் முதலில் கால்கொண்டது கோவையில்தான். சிங்காநல்லூரில் அதன் பெரிய மருத்துவமனை நிற்கிறது. ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற தொழிலாளரும் அவர் துணைவரும் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை செலுத்திச் சிகிச்சையைத் தொடர அத்திட்டத்தில் வழி உண்டென்பதைப் பலர் அறியாமலே இருக்கிறார்கள். பழைய அட்டையோடு சென்று விசாரியுங்கள். நடக்க இயலாதவரை வீட்டிலேயே வந்து பார்க்க, 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் ஊழியர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தின் வழியே அழைக்கலாம்.

ஒருசந்தியும் குழாயும்

கத்தோலிக்க இல்லங்களுக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. வாழ்நாளெல்லாம் ஒருசந்தியும் சுத்தபோசனமும் காத்த அம்முச்சி, புதன்கிழமையன்று தட்டைத் தள்ளி, 'இன்னிக்குப் பெரிய வெள்ளி, எனக்கு வேண்டாம்' என்பார். தவக்காலம் போய் மாதங்கள் ஆகியிருக்கும். அறுபதாம் வயதில் அடியெடுத்து வைத்தவரை ஒருசந்திச் சட்டம் கட்டுப்படுத்துவதில்லை. நோயுற்றவருக்கும் விலக்கு உண்டு. ஆனால் சட்டத்தை அவருக்கு விளக்கிப் பயனில்லை. 'சாமியார் உங்களுக்கு உத்தரவு கொடுத்திருக்காருங் அம்முச்சி' என்று சொன்னால் பெரும்பாலோர் உண்டுவிடுகின்றனர். பங்குத் தந்தை ஒரு முறை வீட்டுக்கு வந்து நேரிலேயே அதைச் சொல்லிவிட்டால், வீட்டாரும் மனச்சான்று உறுத்தாமல் அவ்வாறு சொல்லலாம்.

நற்கருணை வாங்குமுன் ஒரு மணி நேரம் உண்ணாதிருக்கும் விதியும், 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 919-ஆம் விதிப்படி, முதியோரையும் நோயாளரையும் அவர்களைப் பேணுவோரையும் கட்டுப்படுத்தாது. 'பேணுவோரையும்' என்ற சொல்லை மருமகள்மார் கவனிக்க வேண்டும். அப்பம் தொண்டையில் சிக்குமோ என்று அஞ்சி, அம்முச்சிக்கு நற்கருணையே வேண்டாமென்று நிறுத்திவிட்ட வீடுகள் உண்டு. சிறு துண்டாக்கி, ஒரு கரண்டி நீரோடு கொடுக்கக் கேட்கலாம். அதுவும் இயலாதபோது திராட்சை இரச வடிவில் மட்டும் வழங்கவும் 925-ஆம் விதி இடமளிக்கிறது.

கடைசிக் கட்டத்தில் எழும் கேள்வி இவற்றினும் கனமானது. பாஸ்டன் பகுதி முதியோர் இல்லங்களில் நோய் முற்றிய 323 பேரைப் பதினெட்டு மாதங்கள் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 86 பேருக்கு உண்ணுதலில் இடர் வந்தது. பெரும்பாலோருக்கு ஒரு நாள் அது வரும். அப்போது மூக்கு வழியாகவோ வயிற்றில் துளையிட்டோ குழாய் வைக்கலாமா என்று குடும்பத்தார் நிற்பார்கள். குழாய் வைத்தால் ஆயுள் நீளும், நிமோனியா வராது என்பது பலரது நம்பிக்கை. மறதி நோய் முற்றியவர்களிடம் அந்நம்பிக்கைக்கு ஆதாரம் கிடைக்கவில்லை. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-இல், இத்தகையவர்களுக்குக் குழாயைப் பரிந்துரைப்பதில்லை என்றும், கவனத்தோடு கையால் ஊட்டுவதையே தொடரலாம் என்றும் அறிவித்தது. குழாயைப் பிடுங்காதிருக்க நோயாளியின் கைகளைக் கட்டி வைக்க நேர்வதும் உண்டு.

உணவும் நீரும் தருவது இயல்பான கவனிப்பு; அதனை மருத்துவச் செலவுபோல் எண்ணி நிறுத்தக் கூடாதென்பது திருச்சபையின் போதனை. அது உடலை ஊட்டும் தன் நோக்கத்தை நிறைவேற்றும் வரையில்தான் அக்கடமை என்பதும் அதே போதனையில் அடங்கியிருக்கிறது. ஆகவே குழாய் வேண்டாமென்று மருத்துவரோடும் குருவானவரோடும் கலந்து முடிவு செய்த பிள்ளைகள், தாயைப் பட்டினியிட்டதாக வாழ்நாளெல்லாம் வருந்த வேண்டுவதில்லை. தேன்குழம்பு போன்ற கூழ் இரண்டு கரண்டி, உதட்டை நனைக்கும் அளவுக்கு நீர், ஊட்டும்போது காதருகே ஓர் அருள்நிறை மந்திரம் என்று நாள் கழியும். சொற்களை இழந்த பின்னும் செபத்தின் ஓசைக்கு வாய் திறக்கும் முதியோர் உண்டு.

இதற்கு நேரம் வேண்டும். ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம், நாளுக்கு மூன்று வேளை. இதனை ஒரே பெண் ஆண்டுக்கணக்கில் செய்தால், அவள் தன் சோற்றை ஆறிய பின் நின்றுகொண்டே உண்பாள். ஞாயிற்றுத் திருப்பலிக்கும் வரமாட்டாள். அவள் வராததைத்தான் நாம் குறிப்பெடுக்கிறோம். அன்பியக் கூட்டத்தில் அடுத்த முறை ஒரு தாளை எடுத்து, அத்தகைய வீடுகளுக்கு நண்பகலில் யார் எந்தக் கிழமை செல்வதென்று எழுதலாம். செல்கிறவர் ஊட்டத் தெரிந்தவராயிருக்க வேண்டியதில்லை. ஒரு வட்டலோடு முதியவரின் எதிரே அமர்ந்து, தாமும் மெல்ல உண்டால் போதும். ஞாயிறன்று முதல் திருப்பலிக்குச் செல்பவர்கள் திரும்பி வந்து ஒன்றரை மணி நேரம் அங்கே இருந்தால், அப்பெண் இரண்டாம் திருப்பலிக்கு வந்துவிடலாம்.